பதினெட்டு மஞ்சள் வரிகள்

அந்தத் தொலைதூரக் கல்வி நிறுவனத்தில் அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அவர் உட்பட. எல்லோருக்கும் அவர் மஞ்சள். மரியாதை தெரிந்தவர்களுக்கு மஞ்சள் சார். அவர் மஞ்சள் சட்டை போட்டு ஒருவரும் பார்த்ததில்லை. பெயர் வந்த வழி வேறு.

பாடங்களைக் கணினியில் ஏற்றுவது அவர் வேலை. ஒரு படிப்புக்கு வேண்டிய பாடம், படம், கேள்வித்தாள் எல்லாவற்றையும் ஆசிரியர்கள் ஒரே பொதியாகக் கட்டி அனுப்பிவிடுவார்கள். மாணவர்கள் திறந்து படிக்கும் தளத்தில் அதை இவர் ஏற்ற வேண்டும். தளம் பொதியை விழுங்கி முடித்ததும் ஒரு பட்டியல் காட்டும். சிவப்பில் வந்தால் பிழை, வேலை அங்கேயே நின்றுவிடும். மஞ்சளில் வந்தால் எச்சரிக்கை. இந்தப் படம் கிடைக்கவில்லை, அந்தக் கேள்வி சரியாக வரவில்லை, பரவாயில்லை என்றால் தொடர்க என்று ஒரு பொத்தானையும் நீட்டும். உலகத்தில் முக்கால்வாசிப் பேர் பொத்தானைத்தான் பார்ப்பார்கள். இவர் பட்டியலைப் பார்ப்பார். மேலிருந்து கீழ் வரை ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, உதடு அசையப் படிப்பார். படித்ததை ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டு, பழைய தளத்தையும் புதிய தளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார்.

பக்கத்து மேசைக்காரிக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். அவள் ஒரு நாளைக்கு முப்பது பொதி ஏற்றுவாள். இவர் எட்டு ஏற்றினால் அன்று நல்ல நாள்.

“மஞ்சள் சார், அது சும்மா சொல்லும் சார். அதுக்கு வேற வேலை இல்ல” என்பாள் அவள்.

“மனுஷங்கதாம்மா சும்மா சொல்லுவாங்க. மெஷின் எதுக்கு சும்மா சொல்லப் போகுது?” என்பார் இவர்.

ஒருமுறை கால்நடைப் பராமரிப்புப் படிப்பை எக்ஸ்பிரஸ் ஏற்றினாள். ‘பசுவின் வயிறு’ என்ற பாடத்தில் பசு வந்துவிட்டது, வயிறு வரவில்லை. மஞ்சளில் தெளிவாகச் சொல்லியிருந்தது. ஒரு மாதம் வரைக்கும் மாணவர்கள் வயிறில்லாத பசுவைப் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். அந்தப் பொதியை மறுபடி ஏற்றியது இவர்தான். எக்ஸ்பிரஸை அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டுமே? மூச்சு விடவில்லை. அது அவர் சுபாவம்.

இந்தப் பழக்கம் கணினியோடு வந்ததல்ல. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவர் அங்கே பார்சல் அறையில்தான் சேர்ந்தார். அச்சடித்த பாடப் புத்தகங்களைக் கட்டி அஞ்சலில் அனுப்புகிற வேலை. ஒரு புத்தகத்தில் பதினாறு பக்கம் வெறும் வெள்ளையாக வந்திருந்ததைக் கவனிக்காமல் கட்டி அனுப்பிவிட்டார். பரீட்சை எல்லாம் முடிந்த பிறகு அந்த மாணவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. திட்டி எழுதியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ‘அந்தப் பக்கங்களை நாங்களே எழுதிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது, எனக்குத்தான் அது புரியவில்லை என்று இருந்துவிட்டேன்’ என்று அந்த மனிதர் எழுதியிருந்தார். அதைப் படித்த அன்று இவர் சாப்பிடவில்லை. அன்றிலிருந்து எந்தப் புத்தகத்தையும் ஒரு தடவை புரட்டிப் பார்க்காமல் கட்டியதில்லை.

இப்படிப்பட்ட ஆள் ஒரே ஒரு நாள் பட்டியலைப் பார்க்காமல் பொத்தானை அழுத்தினார். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

நிறுவனம் பழைய தளத்தை மூடிவிட்டுப் புதியதுக்கு மாறிக்கொண்டிருந்த சமயம். நானூற்றுக்கு மேல் படிப்புகள், மாதக் கடைசிக்குள் எல்லாம் ஏறியாக வேண்டும். எல்லோருக்கும் தலைக்கு மேல் வேலை. அந்த நானூற்றில் ஒன்று, குழந்தைகள் காப்பக ஆசிரியர்களுக்கான ஒரு வருஷச் சான்றிதழ்ப் படிப்பு. அதில் அவர் மனைவியும் ஒரு மாணவி. அலுவலகத்தில் இது யாருக்கும் தெரியாது. தெரிந்தால் நாளைக்கே, ‘மஞ்சள் வீட்டம்மா, மார்க்குக்கு என்ன குறைச்சல்’ என்று யாராவது சொல்லிவைப்பார்கள் என்று அவர் வாயைத் திறக்கவில்லை.

மனைவிக்கு நாற்பத்தெட்டு வயது. பத்தொன்பதில் படிப்பை நிறுத்தியவள். இரண்டு மகள்களையும் வளர்த்து, ஆளாக்கி, வெவ்வேறு ஊருக்கு வேலைக்கு அனுப்பிய பிறகு தெருக்கோடியில் இருந்த காப்பகத்துக்கு உதவிக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே குழந்தைகளுக்கு மூக்கைத் துடைத்துவிடலாம், பால் புகட்டலாம், தோளில் போட்டுத் தூங்கவைக்கலாம். வகுப்பு எடுக்க மட்டும் கூடாது, அதற்குச் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழுக்காக ஏறக்குறைய முப்பது வருஷம் கழித்து மறுபடி புத்தகத்தைத் தொட்டாள். சும்மா சொல்லக்கூடாது, படிப்பும் ஒரு படிப்பாகத்தான் இருந்தது. துணி மடிக்கும்போது ஒரு பாடம், காய் நறுக்கும்போது ஒரு பாடம், எல்லாம் உரக்க.

“சின்னப் பிள்ளைங்களுக்கு ஒரே விஷயத்துல ரொம்ப நேரம் கவனம் நிக்காதாம்” என்பாள்.

“எனக்கு?”

“உங்களுக்கு அந்த மஞ்சள் பட்டியலக் காட்டினா போதுமே, பொழுது சாயற வரைக்கும் நிக்கும்.”

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அவள் படிப்பின் பொதி இவர் மேசைக்கு வந்தது. தளம் அதை வாங்கிக்கொண்டு பட்டியலைக் காட்டியது. சிவப்பு ஒன்றும் இல்லை. மஞ்சளில் பதினெட்டு வரி. பதினெட்டும் ஒரே மாதிரி தொடங்கின. முதல் வரியில் விரலை வைத்தபோது கைபேசி அடித்தது. வேலை நேரத்தில் அவள் கூப்பிடுகிற வழக்கமே இல்லை.

“ஏங்க, எங்க பாடம் வந்துடுச்சா? சாயந்தரம் ஆறு மணிக்கு டெஸ்ட். ரெண்டு நாளா திறக்கவே மாட்டேங்குது. ஒரு தரம் பார்த்துட்டா கொஞ்சம் தைரியமா இருக்கும். குரூப்ல எல்லாரும் அழாத குறையா கேட்டுட்டு இருக்காங்க.”

“இதோ வந்துடும்மா, இதோ.”

வரியிலிருந்த விரலை எடுத்தார். தொடர்க என்ற பொத்தானை அழுத்தினார். இருபத்தாறு வருஷத்தில் அந்த அலுவலகத்தில் தன் வீட்டுக்காக அவர் செய்த ஒரே சலுகை அது.

“இப்ப பாரு.”

“வந்துடுச்சு! ஐயோ, வந்துடுச்சுங்க!” என்று அவள் போட்ட சத்தம் எக்ஸ்பிரஸின் மேசை வரைக்கும் கேட்டிருக்கும். அவருக்கு அன்று முழுக்க வாயெல்லாம் பல்லாக இருந்தது. பட்டியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். பிறகு அடுத்த பொதி வந்தது, அதற்கடுத்தது வந்தது. பிறகு என்பது வரவேயில்லை.

அந்தத் தேர்வில் நாற்பது கேள்வி. குறைந்தது இருபது சரியாக இருந்தால்தான் ஆண்டுத் தேர்வு எழுத விடுவார்கள், இல்லாவிட்டால் அந்த வருஷமே போச்சு. அன்று இரவு சாப்பாட்டுக்கு உட்காரும்போது, “எப்படி எழுதினே?” என்று கேட்டார்.

“எழுதினேன்” என்றாள். தண்ணீர் கொண்டுவருவதற்காக எழுந்து உள்ளே போனாள்.

அடுத்த நாளிலிருந்து வீடு அமைதியாகிவிட்டது. அவள் பேசாமல் இல்லை, வழக்கத்தைவிட நன்றாகவே பேசினாள். எதிர்வீட்டு நாய் குட்டி போட்டதைச் சொன்னாள், பெரிய மகள் புதுச் செருப்பு வாங்கியதைச் சொன்னாள். துணி மடிக்கும்போது மட்டும் சத்தம் இல்லை. மூன்றாம் நாள் பார்த்தால் சாப்பாட்டு மேசையில் எப்போதும் கிடக்கும் நோட்டுகளைக் காணோம். பீரோ மேலே, பழைய சூட்கேஸுக்குப் பின்னால் அடுக்கியிருந்தது. தூசு படியாமல் இருக்க மேலே ஒரு துண்டும் போட்டிருந்தாள். அதைப் பார்த்தும் அவர் கேட்கவில்லை. அசதியாக இருக்கும், ஒரு வாரம் போனால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டார். பட்டியலில் ஒரு புள்ளியையும் விடாத மனுஷர் வீட்டில் இப்படி!

திங்கட்கிழமை காலை அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் ஒரு தாளை நாலாக மடித்துக் கொண்டுவந்து நீட்டினாள்.

“நீங்கதான் அங்க போறீங்களே, அப்படியே இதக் குடுத்துடுங்க.”

பிரித்துப் பார்த்தார். படிப்பிலிருந்து விலகுவதற்கான படிவம். எல்லாக் கட்டத்தையும் மணிமணியான கையெழுத்தில் நிரப்பியிருந்தாள். காரணம் என்ற இடத்தில் ‘எனக்கு வரவில்லை’ என்று எழுதியிருந்தாள்.

“என்னம்மா இது?”

“நாப்பதுக்குப் பதினேழு. போதுமா?” என்றாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. “மத்த பாடம் வரலன்னா ஒத்துக்குவேங்க. காலையில அம்மா விட்டுட்டுப் போறப்ப குழந்தை அழுதா என்ன செய்வீங்கன்னு ஒரு கேள்வி. ரெண்டு பிள்ளைய வளர்த்தவ நான். காப்பகத்துல தினமும் செய்யறேன். அதுவே தப்புன்னு சொல்லிடுச்சு. அப்ப இத்தனை நாளா நான் அந்தப் பிள்ளைங்கள என்னதான் பண்ணிட்டு இருந்தேன்?”

“நீ என்ன பதில் போட்டே?”

“தூக்கி வெச்சுக்கணும்னு ஒண்ணு இருந்துது, அம்மா எப்ப திரும்பி வருவாங்கன்னு அதுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னு ஒண்ணு இருந்துது. ரெண்டும் சரின்னுதான் எனக்குப் பட்டுது. ஆனா ஒண்ணத் தொட்டா இன்னொண்ணு போயிடுது. சரி, ரெண்டுல ஒண்ணு ஏமாத்து வேலை போலன்னு நெனச்சு ஒண்ண விட்டேன். அப்படி நெறைய வந்துது.”

ஒன்றைத் தொட்டால் இன்னொன்று போய்விடுகிறது. பொத்தான் போட்ட கை அப்படியே நின்றது. அங்கேயே, அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். சொல்ல நாக்கு எழவில்லை. “குடுத்துடறேன்” என்று மட்டும் சொல்லி, படிவத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் பிற்பாடு ரொம்ப நாள் வெட்கப்பட்டார்.

அலுவலகத்துக்குக் காலில் வெந்நீர் கொட்டிக்கொண்டவர்போல வந்தார். பையைக்கூட வைக்காமல் கணினியைத் திறந்து போன செவ்வாயின் பட்டியலை எடுத்தார். பதினெட்டு வரியும் அங்கேயே காத்துக்கொண்டிருந்தன. ‘இந்தக் கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் உண்டு. ஒரே விடை உள்ள கேள்வியாக மாற்றப்பட்டது. முதல் விடை மட்டும் சரியாகக் கொள்ளப்பட்டது. சரிபார்க்கவும்.’ பழைய தளத்தில் இப்படிப்பட்ட கேள்விகளுக்கு மேலே, பொருத்தமான எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கலாம் என்று தானாகவே ஒரு குறிப்பு வரும். புதியதில் அதுவும் போயிருந்தது. இரண்டு நிமிஷம் படித்திருந்தால் போதும், அரை மணியில் சரிசெய்திருக்கலாம்.

பிறகு மதிப்பெண் பக்கத்தைத் திறந்தார். தேர்வு எழுதியவர்கள் அறுபத்து மூன்று பேர், தேறாதவர்கள் நாற்பத்தேழு. புகார் எத்தனை என்று பார்த்தார். ஒன்றுகூட இல்லை. கேள்வியில் ஏதோ கோளாறு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. விலகல் படிவம் மட்டும் ஐந்து வந்திருந்தது. அதில் ஒருவர் கைக்குழந்தையோடு படிக்கிறவர். இன்னொருவர் ஐம்பத்தாறு வயது. காரணம் என்ற இடத்தில் அவர்கள் எழுதியிருந்ததைப் படிக்கப் படிக்க அவருக்குக் கண் மறைத்தது. ஆறாவது படிவம் அவர் சட்டைப்பையில் இருந்தது.

பிரிவுத் தலைவி அவரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். கெட்டிக்காரர், கொஞ்சம் படபடப்பு. ஒரு பிரச்சினையும் இல்லாமல் முந்நூற்றைம்பது படிப்பு ஏறிவிட்டது என்று அன்று காலைதான் மேலே அறிக்கை அனுப்பியிருந்தார்.

“மேடம், நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார்.

தலைவி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “நீங்களா? வேற யார் சொன்னாலும் நம்புவேன் சார், நீங்களா?” பிறகு, “சரி விடுங்க. தொழில்நுட்பக் கோளாறுன்னு ஒரு அறிவிப்பு போட்டுடலாம். மறுதேர்வு வெச்சுடலாம். உங்க பேர் வெளிய வர வேண்டாம்” என்றார்.

“கோளாறு இல்ல மேடம். அது பதினெட்டுத் தடவை ஒழுங்காத்தான் சொல்லுச்சு. நான்தான் கேக்கல.”

“அதனால என்ன சார், யார் கேக்கப் போறாங்க?”

“யாரும் கேக்க மாட்டாங்க. அதுதான் மேடம் எனக்குப் பொறுக்கல. நாப்பத்தேழு பேரும் தப்பு தங்க மேலன்னு நெனச்சுட்டு வீட்டுல உக்காந்திருக்காங்க. கோளாறுன்னு போட்டா நம்ம மனசு நோகக்கூடாதுன்னு சும்மா சொல்றாங்கன்னு நெனப்பாங்க. யார் பண்ணாங்க, என்ன பண்ணாங்கன்னு சொன்னாத்தான் நம்புவாங்க.” சட்டைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். “இது எங்க வீட்டுல குடுத்தது.”

தலைவி பிரித்துப் படித்தார். திரும்பவும் நாலாக மடித்து, எழுந்து வந்து இவர் கையிலேயே கொடுத்தார். “இத நான் பார்க்கல சார். அறிவிப்ப நீங்களே எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்.”

அறிவிப்பு ஏழு வரிதான். ‘உங்கள் விடைகளில் தவறு இல்லை. பதினெட்டுக் கேள்விகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் இருந்தும், ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுக்க முடிகிற நிலையில் அவை உங்களுக்குத் தரப்பட்டன. பாடங்களை ஏற்றும்போது கணினி எச்சரித்தும் அதைப் படிக்காமல் விட்டது என் தவறு’ என்று எழுதி, பாடம் ஏற்றும் பிரிவு உதவியாளர் என்று கீழே போட்டார். மறுதேர்வு வரும் சனிக்கிழமை என்றும் அதில் சேர்த்தார். பாட ஆசிரியர் அதற்குப் புதுக் கேள்விகள் தருவதாகச் சொன்னார். பழைய பதினெட்டும் சரியான விடைகளோடு பயிற்சிக்காக எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. அன்று எக்ஸ்பிரஸ் தன் பொதிகளை ஓரமாக வைத்துவிட்டு நாற்காலியை இவர் பக்கம் இழுத்துப் போட்டாள். இவர் படிக்கப் படிக்க அவள் சரிபார்த்தாள். ஒரு கேலி இல்லை, கிண்டல் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அவள் தேநீர் வைத்தாள். அவர் படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“குடுக்கலியா?”

“உக்காரும்மா.”

உட்கார்ந்தாள். அவர் அவளைப் பார்க்காமல், தேநீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பதினோரு மணி, பதினெட்டு வரி, பொத்தான், எல்லாம். அவள் கூப்பிட்டதை மட்டும் சொல்லாமல் விடலாமா என்று ஒரு கணம் யோசித்து, அதையும் சொன்னார்.

“அப்ப என்னாலதானா?”

“இல்லம்மா. நீ கேட்டே, அவ்வளவுதான். அழுத்தினது நான்.”

அவள் எழுந்து பால்கனிக்குப் போனாள். காயாத துணியை எல்லாம் கொடியிலிருந்து உருவினாள். அங்கிருந்தே பேசினாள். “ஆறு நாள்ங்க. ஆறு நாளா அந்தப் பிள்ளைங்களத் தூக்கவே பயமா இருந்துது எனக்கு. தப்பாத் தூக்கறேனோ, தப்பாப் பேசறேனோன்னு. அன்னிக்கு ஒரு குட்டிப்பொண்ணு கைய நீட்டுச்சு, பக்கத்துல இருந்தவங்களத் தூக்கச் சொல்லிட்டேன். தெரியுமா உங்களுக்கு?”

அவருக்குத் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டார். திட்டட்டும் என்றிருந்தது, இன்னும் கொஞ்சம் திட்டினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

அப்போது அவள் கைபேசி அடித்தது. கூடப் படிக்கிறவள், அந்தக் கைக்குழந்தைக்காரி. அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் பேசினாள். குரல் மேசை வரைக்கும் கேட்டது. “அக்கா, பார்த்தீங்களா? நாம தப்பு பண்ணலியாம் அக்கா! நான் ஃபாரம்கூட அனுப்பிட்டேன், எங்க வீட்டுல மூணு நாளா அழுதுட்டு இருந்தேன். எவன் அக்கா அந்த மடையன்? கையில கெடைச்சான்னா...”

மனைவி திரும்பி அவரைப் பார்த்தாள். ஈரத்துணி தோளில் கிடந்தது. “இங்கதான்டி உக்காந்து டீ குடிச்சிட்டு இருக்கான்” என்றாள்.

அந்தப் பக்கத்திலிருந்து “ஐயோ அக்கா!” என்று ஒரு அலறல். இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பும் அழுகையும் கலந்து என்னவோ செய்தது, முகத்தைத் துணியில் துடைத்துக்கொண்டாள். “அந்த ஃபாரத்தத் திருப்பி வாங்கு முதல்ல. நான் வாங்கித் தரச் சொல்றேன். ஆமாடி, இந்த மடையன்கிட்டதான்” என்று சொல்லி வைத்தாள். அதற்குப் பிறகு இன்னும் நாலு பேரை அவளே கூப்பிட்டாள். நாலு பேரிடமும் ஒரே பேச்சுத்தான், ‘நீ எழுதினது சரிதான்.’ தன்னைப் பற்றி மட்டும் ஒருவரிடமும் எதுவும் சொல்லவில்லை. மறுதேர்வு எழுதப்போகிறேன் என்றும் சொல்லவில்லை. அவர் அதைக் கவனித்தார்.

எல்லாம் பேசி முடித்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“அந்தப் பதினெட்டும் இருக்கா?”

தாளில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

“படிங்க. விடையச் சொல்லாதீங்க.”

படித்தார். வழக்கம்போல விரலை வைத்து, ஒவ்வொரு வரியாக. சாப்பிட மறுக்கும் குழந்தை, கடிக்கும் குழந்தை, பேசாமலே ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் குழந்தை. முதல் இரண்டு கேள்விக்கு அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர் தலையாட்டத் தலையாட்டக் குரல் ஏறியது. ஏழாவதுக்கு வரும்போது பாதி கேள்வியிலேயே பதில் வந்தது. பத்தாவதுக்கு, கேள்வியே சரியில்லை, நிஜத்தில் எந்தப் பிள்ளை அப்படி நிற்கும் என்று சண்டைக்கு வந்தாள். ஒவ்வொன்றுக்கும் சரியான விடைகள் எத்தனையோ, அத்தனையையும் சொன்னாள்.

“பதினெட்டு” என்றார் அவர். “குழந்தை ஒரு பொருளை உடைத்துவிடுகிறது. யாரும் கேட்காமல் தானே வந்து உங்களிடம் சொல்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்? ஒன்று, மறுபடி செய்யாதபடி கண்டிப்பேன். ரெண்டு, உண்மையைச் சொன்னதற்குப் பாராட்டுவேன். மூணு, உடைந்ததைச் சேர்ந்து எடுத்துவைக்க...”

அதற்கு மேல் படிக்க அவருக்குக் குரல் வரவில்லை. தாளில் எழுத்தும் தெரியவில்லை.

அவள் கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டாள். மீதியை அவளே படித்தாள்.

“ரெண்டாவதும் மூணாவதும்” என்றாள். “சொன்னதே நல்லதுன்னு அதுக்குத் தெரியணும். அப்புறம் ரெண்டு பேருமா உக்காந்து பொறுக்கணும். அத மட்டும் தனியா விட்டுடக்கூடாது.”

தாளை மடித்து மேசைமேல் வைத்தாள். ஆறிப்போன தேநீரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“சனிக்கிழமை எத்தனை மணிக்குங்க?”

“பத்து மணிக்கு” என்றார் அவர்.